எதிராளி ஆல்-இன் போட்டால் எப்போது கால் செய்வது?

டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்த தமிழருக்குச் சீட்டாட்டம் என்றாலே தூனிதான். நால்வர் இரண்டு அணிகளாக அமர்ந்து, 24 சீட்டுகளை ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று புள்ளி எண்ணி ஆடும் அந்த ஆட்டம், எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கும் என்பதை அவர் ஆடிய விதத்தை வைத்தே ஊகிக்கும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே நமக்கு ஊட்டிவிடுகிறது. போக்கருக்கு வருகிறவருக்கு அந்தப் பழக்கம் பெரிய முதல். ஆனால் தூனி கற்றுத்தராத ஒன்று போக்கரில் உண்டு. அதுதான் விலை. எதிராளி தன்னிடமுள்ள சிப்புகள் அனைத்தையும் நடுவில் தள்ளி ஆல்-இன் என்று சொல்லும்போது, புதிதாக ஆடுகிறவர் உடனே தன் இரண்டு சீட்டுகளைத்தான் பார்க்கிறார். அவை நல்ல சீட்டுகளா என்றுதான் யோசிக்கிறார். அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான். எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறப்போகிறோம், எதிராளி எந்தெந்தச் சீட்டுகளோடு இப்படித் தள்ளுவார், போட்டியின் இந்தக் கட்டத்தில் நம் சிப்புகளுக்கு உண்மையான மதிப்பு என்ன என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும்.

கணக்குக்குள் போவதற்கு முன் ஒரு செய்தி. தென்னாப்பிரிக்காவில், 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பியவர்களே உரிமம் பெற்ற கசினோக்களில் ஆட முடியும். இணையவழிப் போக்கருக்கு அனுமதி இல்லை. ஆகவே இங்கே பேசுவதெல்லாம் மேசையில் நேரில் அமர்ந்து ஆடும் போட்டியைப் பற்றியது. கணிப்பானையோ கணினியையோ நம்பாமல் மனக்கணக்காகப் போட வேண்டியிருப்பதால், எளிய எண்களிலேயே எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆட்டம் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு பொதுவில், இவற்றிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு வெற்றி.

ஆல்-இன் போடுகிறவருக்கும், அதே தொகையைத் தானும் போட்டு அதைக் கால் செய்கிறவருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தள்ளுகிறவருக்கு வெல்ல இரண்டு வழிகள் உண்டு: மற்றவர்கள் பயந்து சீட்டை மடித்து விலகலாம், அதாவது ஃபோல்ட் செய்யலாம்; அப்படிச் செய்யாவிட்டாலும் கடைசியில் அவருடைய சீட்டு பெரிதாக அமையலாம். கால் செய்கிறவருக்கோ ஒரே வழிதான்; சீட்டு வென்றாக வேண்டும். அதனால், ஆல்-இன் போடப் போதுமான சீட்டு என்று நாம் கருதும் பல கைகள், வேறொருவர் போட்ட ஆல்-இன்னைக் கால் செய்யப் போதாதவை. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இந்த இடைவெளியைத் தனிக் கருத்தாகவே எழுதிவைத்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிளைண்ட்; ஒன்று சிறியது, ஒன்று பெரியது. பத்து பிளைண்ட், அதாவது பெரிய பிளைண்டைப்போல் பத்து மடங்கு அளவே சிப்பு மிஞ்சிய நிலையில், டீலர் பொத்தான் நம் முன்னால் இருக்க, அதாவது பிளைண்ட் வைத்த இருவர் மட்டுமே நமக்குப் பின் முடிவு சொல்ல வேண்டியிருக்க, எல்லோரும் ஃபோல்ட் செய்து நம்மிடம் வந்தால், ஏஸ்-ஐந்தை வைத்துக்கொண்டு தாராளமாகத் தள்ளலாம். அதே ஏஸ்-ஐந்தோடு, முதல் ஆளாக அமர்ந்து தள்ளிய ஒருவரைக் கால் செய்வது பெரும்பாலும் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவே முடியும்.

இனி விலை. சிறிய பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, பெரிய பிளைண்ட் வைப்பவரே மேசைக்கெல்லாம் சேர்த்து ஆன்ட்டி என்ற கூடுதல் கட்டாயத் தொகையாக 1,000-உம் வைக்கிறார் என்று கொள்வோம். நாம் பெரிய பிளைண்டில் இருக்கிறோம். எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட, சிறிய பிளைண்டில் இருப்பவர் மொத்தம் 10,000 சிப்புகளைத் தள்ளுகிறார். நம்மிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. இப்போது நடுவில் அவருடைய 10,000, நம் பிளைண்ட் 1,000, ஆன்ட்டி 1,000 ஆக 12,000 இருக்கிறது. நாம் ஏற்கெனவே 1,000 வைத்துவிட்டதால் இன்னும் போட வேண்டியது 9,000. போட்டால் நடுவில் சேரும் மொத்தத் தொகையான பாட் 21,000 ஆகும். நாம் போடும் 9,000-ஐ அந்த 21,000-ஆல் வகுத்தால் 0.43. அதாவது நூற்றுக்கு 43 முறை வென்றாலே, நீண்ட ஓட்டத்தில் சிப்புக் கணக்கில் நஷ்டமில்லை. நாம் ஏற்கெனவே வைத்த பிளைண்டும் ஆன்ட்டியும் இனி நம்முடையவை அல்ல. அவை பாட்டின் சொத்து. அவற்றைக் காப்பாற்றுவதற்காகக் கால் செய்கிறேன் என்று நினைப்பது தவறு; அவை பாட்டில் கிடப்பதால் விலை மலிந்திருக்கிறது என்று எண்ணுவதே சரி.

எதிராளியின் சிப்பு அடுக்கைக் கண்ணால் அளந்து முடிவெடுக்காதீர்கள். எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும்படி டீலரிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 10,000 என்று நினைத்தது 16,000 ஆக இருந்தால், போட வேண்டியது 15,000, முழுப் பாட் 33,000, தேவைப்படும் வாய்ப்பு 45 விழுக்காடு. தொகை கூடக்கூட நடுவில் ஏற்கெனவே கிடந்த பிளைண்டுகளின் தயவு குறைந்து, தேவை ஐம்பதை நோக்கி நகர்கிறது. நான்கே பிளைண்ட் வைத்திருப்பவர் தள்ளினால் கதை நேர்மாறு. அதே இடத்தில் 4,000 தள்ளினார் என்றால் நாம் போடுவது 3,000, பாட் 9,000. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே போதும்.

எந்தச் சீட்டு எந்தச் சீட்டை எத்தனை முறை வெல்லும் என்பதற்குச் சில எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெரிய ஜோடி சிறிய ஜோடியை நூற்றுக்கு ஏறத்தாழ 80 முறை வெல்லும். இரண்டு குயின் இருக்க, எதிரே ஏஸ்-கிங் இருந்தால், அதாவது ஜோடிக்கு மேலான இரண்டு சீட்டுகள் இருந்தால், ஏறத்தாழ 55-க்கு 45. நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். இருவரிடமும் ஏஸ் இருந்து, துணைச்சீட்டு மட்டும் நமக்குச் சிறியதாக இருந்தால், உதாரணமாக ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏஸ்-குயின் வைத்திருந்தால், நம் வாய்ப்பு கால்பங்கை ஒட்டித்தான் இருக்கும். புதியவர்களின் சிப்புகள் அதிகம் கரைவது இந்தக் கடைசி இடத்தில்தான். ஏஸ் கையில் வந்ததும் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் எதிராளியும் ஏஸ் வைத்திருக்கும்போதெல்லாம், பெரும்பாலும் அவருடைய துணைச்சீட்டு நம்முடையதைவிடப் பெரிதாகவே அமைகிறது. அதே நேரம், கிங்-குயின் போன்ற கை சிறிய ஏஸுக்கு எதிரே 40 விழுக்காட்டுக்குச் சற்று மேலேயே வாய்ப்பு வைத்திருக்கிறது. விலை மலிவாக இருக்கும்போது அது ஒன்றும் மோசமில்லை.

ஆனால் எதிராளியின் சீட்டைத் திறந்து பார்த்துவிட்டு யாரும் கால் செய்வதில்லை. அவர் வைத்திருக்கக்கூடிய கைகளின் முழுத் தொகுப்பை, ஆட்டக்காரர்கள் ரேஞ்ச் என்று சொல்வதை, எடைபோட வேண்டும். இதற்கு எண்ணிக்கை தெரிய வேண்டும். எந்த ஒரு ஜோடியும் ஆறு விதமாக வரலாம். ஏஸ்-கிங் போன்ற ஜோடியல்லாத கை பதினாறு விதமாக வரலாம். நம் கையில் ஓர் ஏஸ் இருந்தால் மீதி மூன்று ஏஸ்தான், ஆகவே அந்த எண்ணிக்கைகள் குறையும்.

மேலே சொன்ன 43 விழுக்காட்டு விலையில், நம் கையில் வெவ்வேறு சின்னத்து ஏஸ்-ஜாக் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு முறை முழுமையாக எண்ணிப் பார்க்கலாம். எதிராளி நிதானமானவர், ஏழு ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-பத்தும் அதற்கு மேலும் இருந்தால் மட்டுமே தள்ளுகிறவர். ஏழு முதல் பத்து வரையிலான ஜோடிகள் 24 விதம். இவற்றுக்கு எதிரே நமக்கு 44 விழுக்காடு. குயின், கிங் ஜோடிகள் 12 விதம், 29 விழுக்காடு. ஒரு ஜாக் நம் கையில் இருப்பதால் ஜாக் ஜோடி மூன்றே விதம், அதேபோல ஏஸ் ஜோடியும் மூன்றே விதம். முதலாவதற்கு எதிரே 30, இரண்டாவதற்கு எதிரே 7. ஏஸ்-கிங்கும் ஏஸ்-குயினும் சேர்ந்து 24 விதம், வெறும் 26. அவரிடமும் ஏஸ்-ஜாக்கே இருக்கும் ஒன்பது விதங்களில் பெரும்பாலும் பங்குதான். ஏஸ்-பத்து 12 விதம்; அங்கே மட்டுமே நாம் 74 விழுக்காட்டோடு மேலே நிற்கிறோம். மொத்தம் 87 விதங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டி, 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40 வருகிறது. தேவைப்படுவது 43. ஆகவே ஃபோல்ட்.

இப்போது அதே இடம், அதே தொகை, அதே ஏஸ்-ஜாக். எதிராளி மட்டும் வேறு ஒருவர். எந்த ஜோடி வந்தாலும், எந்த ஏஸ் வந்தாலும், கிங்கோடு பத்தோ ஜாக்கோ குயினோ வந்தாலும் தள்ளுகிறவர். முன்பு சொன்ன 87 விதங்களோடு இப்போது சிறு ஜோடிகள் 30 விதமும், ஏஸ்-ஒன்பது முதல் ஏஸ்-இரண்டு வரை 96 விதமும், கிங் கைகள் 44 விதமும் சேர்கின்றன. அந்த 96 விதங்களிலும் நாம் 70 விழுக்காட்டுக்கு மேல். மறுபடியும் கூட்டிப் பார்த்தால் நம் வாய்ப்பு 56 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. யோசிக்காமல் கால். நம் சீட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, விடை தலைகீழாகிவிட்டது. வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஒரு தாளில் இந்தக் கணக்கை நான்கைந்து வெவ்வேறு கைகளுக்குப் போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். மேசையில் இவ்வளவையும் எண்ண நேரமிருக்காது. ஆனால் வீட்டில் எண்ணிப் பழகியவருக்கு மேசையில் விடை தானாகவே கிட்டத்தில் வந்து நிற்கும்.

எதிராளியின் ரேஞ்ச் அகலமா குறுகலா என்பதை எப்படி ஊகிப்பது? முதல் தடயம் அவர் அமர்ந்திருக்கும் இடம். ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாகத் தள்ளுகிறவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் தாண்ட வேண்டும் என்று தெரிந்தும் தள்ளுகிறார் என்றால் நல்ல சீட்டாகவே இருக்கும். சிறிய பிளைண்டில் இருப்பவர் தாண்ட வேண்டியது நம் ஒருவரைத்தான். அடுத்த தடயம் அவரிடம் எத்தனை பிளைண்ட் மிஞ்சியிருக்கிறது என்பது. நான்கு, ஐந்து பிளைண்டோடு இருப்பவர் அடுத்த சுற்றுப் பிளைண்ட் தன்னை விழுங்குவதற்குள் எதையாவது வைத்துத் தள்ளியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். இருபது பிளைண்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் மொத்தத்தையும் தள்ளுவதை மதித்தே ஆக வேண்டும். மூன்றாவது, அந்த மனிதரைப் பற்றி இதுவரை நாம் பார்த்தது. ஒரு மணி நேரமாகச் சீட்டைத் தொடாமல் மடித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று தள்ளுவதும், மூன்று சுற்றாகத் தள்ளிக்கொண்டே இருப்பவர் நான்காம் முறை தள்ளுவதும் ஒன்றல்ல. தூனியில் கைதேர்ந்தவர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

நமக்குப் பின்னால் இன்னும் முடிவு சொல்லாதவர்கள் இருந்தால், கணக்கில் வந்த விழுக்காட்டைவிடக் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஏஸ் ஜோடியோடு எழுந்து வரலாம். ஒருவர் தள்ளி, இன்னொருவர் ஏற்கெனவே கால் செய்திருந்தால், அந்த இரண்டாமவரின் ரேஞ்ச் முதலாமவருடையதைவிட வலுவானது என்பதையும் மறக்கக் கூடாது.

பொதுச்சீட்டு மூன்று விழுந்த பிறகு வரும் ஆல்-இன்னுக்கும் விலைக் கணக்கு அதேதான். வாய்ப்பை அளக்கும் முறைதான் எளிது. பாட்டில் 6,000 இருக்கிறது. எதிராளி மீதமுள்ள 4,000-ஐத் தள்ளுகிறார். நாம் 4,000 போட்டால் பாட் 14,000. தேவை 29 விழுக்காடு. நம் கையிலும் பொதுவிலும் சேர்த்து நான்கு ஹார்ட் இருக்கின்றன. ஐந்தாவது வந்தால் ஐந்தும் ஒரே சின்னம், அதாவது ஃப்ளஷ். மிஞ்சியிருக்கும் ஹார்ட் ஒன்பது. இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் நமக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை நான்காலும், ஒரே சீட்டுதான் பாக்கி என்றால் இரண்டாலும் பெருக்கினால் ஏறத்தாழ விழுக்காடு கிடைக்கும். ஒன்பதை நான்கால் பெருக்க 36. உண்மையான எண் 35. ஆகவே கால் செய்யலாம். நான்காவது பொதுச்சீட்டும் விழுந்துவிட்ட பிறகு இதே ஆல்-இன் வந்தால் 18 முதல் 20 விழுக்காடுதான், மடித்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிப்புக் கணக்கு. பணம் வைத்து நேரடியாக ஆடும் மேசையில் இதோடு நிறுத்திவிடலாம். போட்டியில் அப்படி நிறுத்த முடியாது; ஏனென்றால் போட்டியில் சிப்பு பணம் அல்ல. 2007-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் ரேமண்ட் ராமே மூன்றாம் இடம் பிடித்து 30,48,025 டாலர் பெற்ற போட்டி அது. 6,358 பேர் ஆடினார்கள். முதலிடம் பெற்ற ஜெர்ரி யாங்கிடம் கடைசியில் அத்தனை பேருடைய சிப்புகளும் ஒட்டுமொத்தமாக வந்து சேர்ந்தன. ஆனால் பரிசு நிதி ஏறத்தாழ 6 கோடி டாலராக இருக்க, அவர் பெற்றது 82.5 லட்சம், ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லாச் சிப்பும் கையில் இருப்பவருக்கே அவ்வளவுதான் என்றால், இரட்டிப்பான சிப்புக்கு இரட்டிப்பான மதிப்பு இருக்க முடியாது. பொதுவாக நாம் இழக்கும் சிப்பு நாம் வெல்லும் சிப்பைவிட மதிப்பு மிக்கது.

எவ்வளவு மிக்கது என்று அளக்க, சிப்பைப் பரிசுப் பணத்தின் மதிப்பாக மாற்றிச் சொல்லும் ஐசிஎம் (Independent Chip Model) என்ற முறை பயன்படுகிறது. இதன் அடிப்படைச் சூத்திரம் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஆண்டுதோறும் கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை பார்க்கிற ஊருக்கு இது எளிதில் விளங்கும்: ஒவ்வொரு குதிரைக்கும் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால், இரண்டாவது மூன்றாவதாக வரும் வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்று டேவிட் ஹார்வில் 1973-இல் எழுதினார். மேசன் மால்முத் 1987-இல் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு, மொத்தச் சிப்பில் அவருடைய பங்குக்குச் சமம், முதலிடம் போனவரை நீக்கிவிட்டு மிஞ்சியவர்களிடையே அதே விதியைப் போட்டால் இரண்டாமிடம், அப்படியே மேலும்.

நால்வர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 5,000 சிப்பு. பரிசு மூவருக்கு மட்டும்: 5,000 ராண்ட், 3,000 ராண்ட், 2,000 ராண்ட். நால்வரும் சமம் என்பதால் ஒவ்வொருவருடைய இடத்தின் மதிப்பும் 2,500 ராண்ட். ஒருவர் ஆல்-இன் போடுகிறார். நாம் கால் செய்து தோற்றால் வெறுங்கையோடு வெளியே. வென்றால் நம்மிடம் 10,000 சிப்பு, மற்ற இருவரிடம் 5,000 வீதம். அப்போது நாம் முதலாவதாக வரும் வாய்ப்பு பாதி, இரண்டாவதாக வர மூன்றில் ஒரு பங்கு, மூன்றாவதாக வர ஆறில் ஒரு பங்கு. பரிசுகளோடு பெருக்கிக் கூட்டினால் 2,500-உம் 1,000-உம் 333-உம் சேர்ந்து 3,833 ராண்ட். அதாவது 2,500-ஐப் பணயம் வைத்து நாம் பெறுவது 1,333 லாபம் மட்டுமே. தோற்று வெளியேறுகிறவர் இழந்த 2,500-இல் மீதி 1,167 எங்கே போயிற்று? ஒரு சீட்டையும் தொடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவருக்கும் ஆளுக்கு 583 ராண்ட் உயர்ந்துவிட்டது. இந்த ஒரு வரியை உள்வாங்கிக்கொண்டால் போட்டிப் போக்கரில் பாதி விளங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருவர் மோதும்போது லாபம் அடைகிறவர்கள், ஒதுங்கி நிற்கிறவர்கள்.

நஷ்டமில்லாமல் இருக்கத் தேவையான வாய்ப்பு 2,500-ஐ 3,833-ஆல் வகுத்தது, 65 விழுக்காடு. பிளைண்டுகளைக் கணக்கில் சேர்த்தால் சற்றுக் குறையும். ஆனாலும் சிப்புக் கணக்கின் ஐம்பதுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. எதிராளி கையைப் பார்க்காமலே எந்தச் சீட்டானாலும் தள்ளுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால்கூட, வெவ்வேறு சின்னத்து ஏஸ்-கிங்குக்கு இருக்கும் வாய்ப்பு 65-ஐ ஒட்டித்தான். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏழு ஜோடிக்கு அதைவிடச் சற்று மேல்; ஆறு ஜோடிக்குப் போதாது.

இந்த அழுத்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. நம்மிடம் 15,000 இருக்க, 3,000 மட்டுமே வைத்திருப்பவர் தள்ளினால், தோற்றாலும் நாம் மேசையிலேயே இருப்போம். ஆகவே சிப்புக் கணக்குக்கு அருகிலேயே நின்று கால் செய்யலாம். மாறாக, நம்மைவிட அதிகம் வைத்திருப்பவர் தள்ள, மேசையில் இன்னொருவர் ஒரே ஒரு பிளைண்டோடு தத்தளித்துக்கொண்டிருந்தால், அந்தத் தத்தளிப்பவர் வெளியேறும் வரை காத்திருப்பதற்கே பெரும் மதிப்பு உண்டு. பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு மட்டும் பரிசாகத் தரும் சாட்டிலைட் போட்டிகளில் இது உச்சத்துக்குப் போகிறது. பத்துப் பேருக்குச் சமமான பரிசு, பதினொருவர் மிஞ்சியிருக்கிறார்கள், நம் சிப்பு பாதுகாப்பான அளவில் இருக்கிறது என்றால், ஏஸ் ஜோடியையே மடிப்பதுதான் சரியான ஆட்டம். வென்றாலும் இரண்டு நுழைவுச்சீட்டு கிடைக்கப்போவதில்லை. எதிராளியை வெளியேற்றுகிறவருக்குத் தனித்தொகை தரும் பவுண்டிப் போட்டிகளிலோ, அந்தத் தொகை பாட்டோடு சேர்ந்து விலையை மலிவாக்குவதால் இன்னும் தாராளமாகக் கால் செய்யலாம்.

கடைசி இருவர் மட்டும் மிஞ்சும்போது ஐசிஎம் முற்றிலும் விலகிவிடுகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. மிச்சமிருக்கும் ஒரே பரிசு வித்தியாசத்துக்காகவே இருவரும் ஆடுகிறார்கள். ஆகவே சிப்புக் கணக்கே முழுக் கணக்கு. ஆன்ட்டி இல்லை, எதிராளி எட்டுப் பிளைண்டை எந்தச் சீட்டானாலும் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்றால், பெரிய பிளைண்டில் இருக்கும் நாம் போட வேண்டியது ஏழு, முழுப் பாட் பதினாறு, தேவை 44 விழுக்காடு. நால்வர் மேசையில் ஏஸ்-கிங்கை வைத்துக்கொண்டு தயங்கிய அதே ஆட்டக்காரர், இங்கே கிங்கோடு வெறும் இரண்டு இருந்தாலும் உடனே கால் செய்ய வேண்டும்.